ஜெயசுதாவின் சிஸ்டர் ஸ்கூல்

காவலூர் அங்கன்வாடியில் பிள்ளைகள் வரிசையில் நின்று கை கழுவி, தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கைகூப்பிய பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள். கண்ணை மூடாமல் பக்கத்துத் தட்டில் முட்டை பெரிதா என்று பார்க்கும் பிள்ளையின் தலையில் ஜெயசுதா டீச்சர் ஒரு விரலால் மெல்லத் தட்டுவாள். ஒருமுறை ஆலங்காயத்திலிருந்து வந்த மேற்பார்வை அதிகாரி, "இந்தப் பழக்கமெல்லாம் எங்கம்மா கத்துக்கினீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எங்க ஸ்கூல்ல மேடம். சிஸ்டர் ஸ்கூல்" என்றாள் ஜெயசுதா.

அவள் அந்தப் பள்ளியை விட்டு வந்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது.

கண்ணமங்கலத்தைத் தாண்டி, ஆரணி போகிற சாலையில் இருந்தது அந்தப் பெண்கள் மேல்நிலைப்பள்ளி. நடத்தியவர்கள் கன்னியாஸ்திரிகள். பலகையில் ஒரு புனிதையின் நீளமான பெயர் எழுதியிருக்கும்; சுற்றுப்பட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஜெயசுதாவின் அப்பா காவலூர் டெலஸ்கோப் வளாகத்தில் சமையல்காரராக இருந்தார். அங்கே வேலை பார்த்த ஓர் அம்மாள் சொல்லி, அவளை ஆறாம் வகுப்பில் அந்தப் பள்ளி விடுதியில் சேர்த்தார். தகரப்பெட்டியும் பாயும் தூக்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கியபோது அவள் அழவேயில்லை. அப்பாதான் பஸ் ஸ்டாண்டில் அழுதார்.

அங்கே கழித்த ஐந்து வருடங்களை அவள் மகள் இளவரசிக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். விடியற்காலை மணி. தொட்டித் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு குளியல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கும் ரொட்டியும் சர்க்கரையும். கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. நன்னெறி எடுத்த கிழவி சிஸ்டர் பாதியில் தூங்கிவிடுவார். அக்டோபர் மாதம் முழுக்க மாலையில், மாதா சிலை வைத்த குகை போன்ற கெபி முன்னால் செபமாலை. கட்டாயமில்லை என்றாலும் ஜெயசுதா போய்ப் பின்வரிசையில் உட்காருவாள். மெழுகுவர்த்தி வாசனையும், நூறு பெண்பிள்ளைகள் ஒரே குரலில் முணுமுணுப்பதும் அவளுக்குப் பிடிக்கும். கேட்டுக் கேட்டே எல்லாச் செபமும் மனப்பாடமாகிவிட்டது. விடுமுறை முடிந்து போகும்போது ஊரிலிருந்து ஒரு பை சாமை விதை கொண்டுபோவாள். டிசம்பரில் அதைத் தகர டப்பாக்களில் தூவி, மெல்லிய பச்சைப் புல்லாக முளைக்க வைத்து, கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கொடுப்பாள். அந்த வேலை மலைப்பிள்ளைக்குத்தான் என்று சிஸ்டர்கள் அவளிடமே விட்டுவிட்டார்கள்.

பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டாள். நல்ல மார்க்குதான். தலைமை ஆசிரியை சிஸ்டர், ஆகஸ்ட் வரைக்கும் இடத்தைப் பிடித்து வைத்திருந்து வந்து சேரும்படி ஆளிடம் சொல்லி அனுப்பினார். ஆனால் வீட்டில் சமைக்கவும் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் அப்பா. அடுத்த வருடமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருடம் அவள் கேட்கவில்லை.

பிறகு குமரேசனைக் கட்டிக்கொண்டாள். அவனும் டெலஸ்கோப் வளாகத்தில்தான் டிரைவர். பெங்களூரிலிருந்து வரும் விஞ்ஞானிகளை வாணியம்பாடி ஸ்டேஷனிலிருந்து கூட்டி வருவதும் கொண்டுபோய் விடுவதும் அவன் வேலை. ஒரே மகள் இளவரசி. அதிகம் பேசாத பெண். அப்பாவின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து, பின்னால் இருப்பவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டே வளர்ந்தவள்.

இந்த மே மாதம் இளவரசியின் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. பள்ளியிலேயே முதல் மார்க். செல்போனைப் பார்த்த குமரேசன் வாசலில் நின்று கத்தியதில் பக்கத்து வீட்டு மங்கம்மாள் பயந்து ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும், "இன்னாடி பண்ணப் போறீங்க பொண்ண? ஜமுனாமரத்தூர்ல சேக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"எங்க ஸ்கூல்லதான்" என்றாள் ஜெயசுதா. அதைச் சொல்லும்போதே அவள் குரல் மாறியது. "பிளஸ் ஒன்னு பிளஸ் டூ ரெண்டும் அங்கதான் படிக்கப் போவுது."

இளவரசி அப்பாவைப் பார்த்தாள். குமரேசன்தான் மெதுவாக, "கலசப்பாக்கம் பக்கம் ஃபாதருங்க நடத்தற ஸ்கூலையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாமே" என்றான்.

"அது இன்னாத்துக்கு?"

"ஒம்பதாவுல சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு அங்கதான போய்ட்டு வந்துச்சு. ஒரு வாரம் அதயே பேசிக்கினு இருந்துச்சே. அதுவும் சாமியாருங்க ஸ்கூல்தான். பொம்பளப் புள்ளைங்களுக்குத் தனி ஹாஸ்டலு, சிஸ்டருங்கதான் பாத்துக்கறாங்களாம்."

"பசங்களும் படிக்கிற ஸ்கூலுங்க அது."

"பாக்கறதுல இன்னா ஆவப் போவுது?" என்றான் குமரேசன்.

அடுத்த வாரம் மூவரும் ஜமுனாமரத்தூர் போய், அங்கிருந்து போளூர் பஸ்ஸைப் பிடித்து, போளூரில் மாறி, கலசப்பாக்கம் போய்ச் சேர்ந்தார்கள். ஜெயசுதா வாசலிலேயே குறை கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டாள். கட்டடத்துக்கு ஆரஞ்சு நிறம் அடித்திருந்தார்கள். மரங்கள் எல்லாம் இடுப்பு உயரம். அங்கிருந்த சர்ச் கல்யாண மண்டபம் போல இருந்தது. மைதானத்தில் பையன்கள் கால்பந்து ஆடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அரைக்கை சட்டை போட்டுக்கொண்டு பைக்கில் வந்து இறங்கிய இளைஞரைக் கிளார்க் என்று நினைத்து, "ஃபாதர் எப்ப வருவாருங்க?" என்று கேட்டாள். "நான்தாங்கம்மா" என்று அவர் சிரித்தார். குமரேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை. அங்கி போடாத ஃபாதர் என்ன ஃபாதர்?

ஃபாதர் அவர்களை இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே சசிகலா என்ற டீச்சர், விடுமுறையிலும் வந்து லென்ஸ்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "எந்த ஊரும்மா?" என்று இளவரசியைக் கேட்டார்.

"காவலூருங்க மிஸ்."

"டெலஸ்கோப் இருக்கற ஊரா! அங்க தெரு லைட்டுக்கெல்லாம் மேல மூடி போட்டிருப்பாங்களாமே, நெசமா?"

இளவரசி தலையாட்டினாள். பிறகு, வீட்டில் சோறு வேண்டுமா என்று கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிற அந்தப் பெண், வெளிச்சம் மேலே போனால் வானம் எப்படி வெளுத்துப்போகும், மங்கலான நட்சத்திரம் ஏன் தெரியாமல் போகும் என்று பேசிக்கொண்டே போனாள். டீச்சர் ஒரு லென்ஸை எடுத்து அவள் கையில் கொடுத்தார். இருவரும் ஜன்னல் பக்கம் போய், எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியின் பிம்பத்தைச் சுவரில் தலைகீழாக விழவைத்துப் பார்த்தார்கள். குமரேசன் ஜெயசுதாவின் முழங்கையைத் தொட்டு, பார் என்று கண்ணால் காட்டினான். அவள் பார்த்தாள். ஆனால் அவள் மனசு அப்போதே கண்ணமங்கலம் பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தாயும் மகளும் மட்டும் கிளம்பினார்கள். குமரேசனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆலங்காயத்தில் இறங்கி, வேலூர் போய், அங்கிருந்து பஸ் மாறினார்கள். கணியம்பாடியைத் தாண்டியதும் ஜெயசுதா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அதோ அந்த மலையப் பாத்தாலே ஸ்கூல் வந்துடும்னு தெரிஞ்சிரும். சந்தோசமாவும் இருக்கும், வூட்ட நெனச்சா அழுகையாவும் வரும்" என்றாள். இளவரசி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியின் பழைய மரக்கதவு இல்லை. இரும்புக் கேட் போட்டிருந்தார்கள். உள்ளே புளியமரங்கள் இருந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. ஆனால் மாதா கெபி அப்படியே இருந்தது. நீல வர்ணம் மட்டும் புதிது. சாப்பாட்டுக் கூடத்தின் சிவப்புத் தரையும் அப்படியே. ஜெயசுதா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் நின்றாள். காலில் அதே குளிர்ச்சி. "இங்கதான் நான் உக்காருவேன், இந்தத் தூணுகிட்ட" என்று மகளுக்குக் காட்டினாள். ஒரு தூணைக் காட்டினாள். கொஞ்சம் யோசித்து, அடுத்த தூணுக்கு மாற்றிக்கொண்டாள்.

தலைமை ஆசிரியையின் அறைக்குள் நுழைந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த சிஸ்டர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து நின்று, "ஏய், சாமை!" என்றார்.

அந்தப் பெயரால் அவளை யாரும் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. ஜெயசுதா கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்களை உற்றுப் பார்த்தாள். "அமலோற்பவமா?" என்றாள்.

அமலோற்பவம்தான். சேத்துப்பட்டுக்காரி. ஆறாம் வகுப்பில் விடுதியில் சேர்ந்த முதல் வாரமே, அம்மாவிடம் போக வேண்டும் என்று தகரப்பெட்டியோடு ஓடிப்போய், பஸ் கண்டக்டர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து விட்ட அதே அமலோற்பவம். அதற்குப் பிறகு ஜெயசுதாவின் பாயை ஒட்டித் தன் பாயைப் போட்டுக்கொண்டு, அவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். கன்னியாஸ்திரியாகி வடக்கே எங்கோ போய்விட்டாள் என்று மட்டும் ஜெயசுதா கேள்விப்பட்டிருந்தாள்.

"ஒடிசால பத்து வருஷம் இருந்தேன்டி. போன வருஷந்தான் இங்க போட்டாங்க. ஓடிப்போனவளயே தூக்கி ஹெச்.எம். நாற்காலில உக்கார வெச்சுட்டாங்க பாரு" என்று சிஸ்டர் சிரித்தார். சிரிப்பில் கன்னத்துக் குழி அப்படியே இருந்தது. மணி அடித்து டீ வரவழைத்தார். இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசினார்கள். வார்டன் சிஸ்டரின் சாவிக்கொத்துச் சத்தம், உப்புமாவில் நெளிந்த புழு, ஆண்டு விழாவில் தேவதை வேஷம் போட்ட பெண்ணின் சிறகு அறுந்து விழுந்தது. இளவரசி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகைத்தாள். பாதிக் கதைகள் அவளுக்கும் தெரியும்.

கடைசியில் சிஸ்டர் இளவரசியின் மார்க்கைப் பார்த்துவிட்டு, "நான் இவளக் கூட்டிக்கினு போய் ஸ்கூலச் சுத்திக் காட்டறேன். நீ ஹாஸ்டலப் பாத்துக்கினு இரு" என்றார்.

ஜெயசுதா விடுதியில் தான் படுத்த மூலையைத் தேடினாள். பாய்களுக்குப் பதில் அடுக்குக் கட்டில்கள் வந்திருந்தன. கோடை விடுமுறை, பிள்ளைகள் யாரும் இல்லை. ஒரு கட்டிலில் உட்கார்ந்தாள். இளவரசி இங்கே படுப்பாள், அந்த ஜன்னல் வழியாகத்தான் கோயில் மணி கேட்கும், மாதத்தில் ஒரு ஞாயிறு நான் பலகாரத்தோடு வந்து கெபி முன்னால் காத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். அதை நினைக்க நினைக்க, தானே பிளஸ் ஒன் சேரப் போவது போல இருந்தது.

சிஸ்டர் தனியாகத் திரும்பி வந்தார். இளவரசி நூலகத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, எதிர்க்கட்டிலில் உட்கார்ந்தார்.

"சுதா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"உன் பொண்ணு என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டா. லேப்ல எக்ஸ்பெரிமென்ட் நாங்களே செய்யலாமா சிஸ்டர், இல்ல டீச்சர் செய்றதப் பாக்கணுமான்னு. எனக்குப் பொய் சொல்ல வரலடி. இங்க பிசிக்ஸ் டீச்சர் ரிட்டயர் ஆயிட்டாங்க. அந்த வேலைக்கு ஆள் போட இன்னும் உத்தரவு வரல. கெமிஸ்ட்ரி எடுக்கறவங்களே அதயும் சேத்துப் பாத்துக்கறாங்க. பாவம், அவங்களும் முடிஞ்சவரைக்கும் பாக்கறாங்க. காமர்ஸ்ல, நர்சிங்ல எங்க புள்ளைங்க நல்லா வர்றாங்க. ஆனா இவளுக்கு வேண்டியது இங்க இல்ல. கலசப்பாக்கத்துல இருக்குது. அங்க பாத்துட்டு வந்ததா சொன்னா. அத்தச் சொல்றப்ப அவ மொகத்த நீ பாத்திருக்கணும்டி."

ஜெயசுதாவின் குரல் உயர்ந்தது. "எல்லா ஸ்கூல்லயும் இப்பிடி மார்க் வாங்கின புள்ளய வுட மாட்டாங்க. நீ இன்னாடான்னா வேணான்றியே? நான் எங்கிருந்து வந்துக்கீறேன் தெரியுமா? எத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருக்கேன் தெரியுமா?"

"தெரியும்டி."

"உனக்கு இன்னா தெரியும்? நீ பிளஸ் டூ இங்கயே படிச்ச. நான் படிக்கல."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வருஷம் உன் பாய் போடற எடத்துல வேற யாரையும் படுக்க வுடல நான். வார்டன்கிட்ட அடி வாங்கினேன்" என்றார். "நீ வருவ வருவன்னு இருந்தேன்."

ஜெயசுதா எழுந்து வெளியே போய்விட்டாள். கெபி முன்னால் போய் நின்றாள். அழுகையாக வந்தது. பள்ளியை நினைத்தா, அமலோற்பவத்தை நினைத்தா, படுக்கையில் கிடந்த அம்மாவை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது இளவரசி பின்னால் நின்றிருந்தாள்.

திரும்பும்போது ஆலங்காயத்தில் காவலூர் பஸ் ஏறி உட்கார்ந்தார்கள். மலை ஏறத் தொடங்கியதும் ஜெயசுதா கேட்டாள்: "உனக்கு எந்த ஸ்கூல் புடிச்சுது?"

"உன் ஸ்கூலும் நல்லாதாம்மா கீது."

"அத்தக் கேக்கல. உள்ளதச் சொல்லு."

இளவரசி வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சின்னதுலருந்து நீ சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஸ்கூல் ரொம்பப் புடிக்கும்மா. இன்னிக்குப் போனா, நீ சொன்ன ஒவ்வொரு எடமா தேடிக்கினு இருந்தேன். நான் படிக்கப் போற எடமா எதுவும் தோணல. கலசப்பாக்கத்துல தோணுச்சு. ஆனா உனக்கு ஆசன்னா நான் அங்கயே சேர்றேன். நெசமாத்தான் சொல்றேன்."

நெசமாகத்தான் சொல்கிறாள் என்று ஜெயசுதாவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை உலுக்கியது. சொன்ன இடத்தில் போய் வாயைத் திறக்காமல் இரண்டு வருடம் இருந்துவிட்டு வரக்கூடிய பெண். தானும் ஒரு காலத்தில் அப்படித்தான், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அப்பா சொன்னபோது வாயைத் திறக்காமல் இருந்தவள் என்று நினைத்தாள். மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் குமரேசனிடம், "ஃபாதருக்கு போன் பண்ணுங்க. திங்கக்கெழம வந்து சேத்துடறோம்னு சொல்லுங்க" என்றாள். அவன் ஏதோ கேட்க வாய் எடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

ஜூனில் இளவரசி விடுதிக்குப் போனாள். வீடு வெறிச்சென்று ஆனது. ஜெயசுதா முதல் வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மாலை அமலோற்பவம் சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. இருவரும் அந்தக் கட்டிலில் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இன்னாடி சமையல்?" என்று தொடங்கி, இருட்டும் வரை பேசினார்கள். அதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை போன் வருவது வழக்கமாகிவிட்டது.

ஜூலையில் பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறு. குமரேசனும் ஜெயசுதாவும் புளிச்சோறும் அதிரசமும் கட்டிக்கொண்டு போனார்கள். இளவரசி ஓடி வந்தாள். கூடவே இன்னொரு பெண். அஃப்ரா என்று பெயர், வாணியம்பாடிக்காரி, பக்கத்துக் கட்டில். இரண்டும் சாப்பிட்டுக்கொண்டே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தன.

"இன்னாடி சிரிப்பு?" என்றாள் ஜெயசுதா.

"ஆன்ட்டி, இவள கொயர்ல போட்டுட்டாங்க ஆன்ட்டி" என்றாள் அஃப்ரா.

"எதுல?"

"கோயில்ல பாடற கோஷ்டிம்மா" என்றாள் இளவரசி. "ஆள் கொறச்சலா இருக்குன்னு எல்லாரையும் நிக்க வெச்சாங்க. எனக்குத்தான் பாட்டே வராதே. மாஸ்டர் கேட்டுட்டு, நீ ஒசரமா இருக்க, பின்னாடி நின்னு வாய மட்டும் அசை, சத்தம் வரக் கூடாதுன்னுட்டாரு. போன வாரம் மறந்துபோய் சத்தமா பாடிட்டேம்மா. ஃபாதர் பூசைய நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்துட்டாரு!"

இத்தனை வார்த்தையை ஒரே மூச்சில் அவள் பேசி அவர்கள் கேட்டதில்லை. குமரேசன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். ஜெயசுதாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, புரை ஏறியது. அஃப்ரா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த மாஸ்டர் யார், எங்கே நிற்க வைத்தார், ஃபாதர் அப்புறம் என்ன சொன்னார் என்று ஜெயசுதா ஒவ்வொன்றாகக் கேட்டாள். இளவரசி எழுந்து நின்று நடித்தே காட்டினாள். எல்லாமே ஜெயசுதாவுக்குப் புதுக் கதைகள். கேட்கக் கேட்க இன்னும் வேண்டும் போலிருந்தது.

போளூரிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அமலோற்பவத்துக்குப் போன் செய்தாள். "ஒண்ணு சொல்றேன் கேளு" என்று தொடங்கி, வாயை மட்டும் அசைக்கச் சொன்ன கதையைச் சொன்னாள். அந்தப் பக்கம் சிஸ்டர் சிரித்த சிரிப்பு பக்கத்து சீட்டில் இருந்த குமரேசனுக்கும் கேட்டது.

"கோயில் மாஸ்டருங்களே அப்பிடித்தான்டி" என்றார் சிஸ்டர். "சரி, அடுத்த மாசம் எங்க புள்ளைங்களுக்கு ஸ்போர்ட்ஸ் டே. நீ வந்துரு. ஒரு நாள் என்கூட தங்கிட்டுப் போ. வேற எதுக்கும் இல்ல, சும்மா."

"வர்றேன்" என்றாள் ஜெயசுதா. "அவரயும் வுட்டுட்டுத் தனியாதான் வருவேன்."

"வாடி" என்ற குரல் பாதியிலேயே அறுந்தது. பஸ் முதல் வளைவில் திரும்பி மலை ஏறத் தொடங்கியிருந்தது. இனிமேல் ஊர் போகிற வரைக்கும் சிக்னல் கிடைக்காது. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த அதிரசத்தைப் பிட்டுக் குமரேசனிடம் பாதியைக் கொடுத்தாள்.